பல் டாக்டருக்கு எப்போதும் நாற்பத்திரண்டு

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்குக் காதுக் கருவி பொருந்திவிட்டதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், தூக்கம் ஒன்றைத் தவிர.

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் உன் கிளினிக் பெண்தான் எடுத்தாள். "டாக்டர் பேஷண்ட் வாய்க்குள்ள கை வெச்சிருக்காங்க சார், அப்புறமா பேசுங்க" என்றாள். ஒரு ஆளின் வாய்க்குள் நாள் முழுக்கக் கை வைத்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கடிதம்.

ஆறாவது படத்தின் திரைக்கதை முடிந்துவிட்டது. இதோடு வைத்திருக்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால்தான் பல் டாக்டர் மறுபடி திரைக்கு வர முடியும் என்று அம்மா ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். என் பங்கு ஒப்புதல் தயார். உன்னுடையதுதான் பாக்கி.

அம்மா எழுதிய முதல் நாவல் படமாகி நாற்பது வருடம் ஆகிறது. ஐந்து நடிகர்கள் அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக் கழற்றிவிட்டார்கள். டாக்டருக்கு மட்டும் அன்றும் நாற்பத்திரண்டு வயது, இன்றும் நாற்பத்திரண்டு. போன படத்தில் அவர் நான்காவது மாடியிலிருந்து விழுந்து, எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தபோது தியேட்டரில் சிரித்தார்கள் அக்கா. நான் எடுத்த காட்சி. கைதட்டுவார்கள் என்று பின்வரிசையில் காத்திருந்தேன். சிரித்தார்கள்.

இந்தமுறை அவரை மனிதனாக்கியிருக்கிறேன். பல் பிடுங்க வேண்டிய ஆள், ஊரில் யார் செத்தாலும் கொலைகாரனைத் தேடி எதற்காக அலைய வேண்டும்? அம்மா அதற்குக் காரணமே சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 24

தம்பிக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது. அத்தான் காதுக் கருவியைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டார். காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இந்த வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லையாம். நீ தூக்க மாத்திரையைப் பழக்கிக்கொள்ளாதே.

படித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில் டாக்டர் வலது கையால் மயக்க ஊசி போடுகிறார். அவர் இடதுகைக்காரர். உங்கள் இரண்டாவது நடிகருக்கு இடது கை வளையவில்லை என்று வலது கையில் எல்லாம் செய்யவைத்தீர்கள். அம்மா என்ன செய்தார்? அடுத்த நாவலில் டாக்டருக்கு இடது மணிக்கட்டை உடைத்து, வலது கையைப் பழக்கி, ஊசி மட்டும் எப்போதும் இடது கைதான் என்று வைத்தார். மூன்றாவது நடிகர் ஓடும் ரயிலின் கூரையிலிருந்து குதித்துவிட்டுச் சட்டை கசங்காமல் போனார். அம்மா அவரை அடுத்த கதை முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டிப்போட்டார். நான்காவது ஆளுக்கு முன்பல் கோணல். "சொந்தப் பல்லைப் பாக்க எனக்கு எங்க நேரம்?" என்று டாக்டரே சொல்கிற மாதிரி ஒரு வரி எழுதினார். ஊரே அந்த வரியைச் சொல்லிச் சிரித்தது. நீங்கள் உடைப்பீர்கள், அம்மா ஒட்டுவார். இப்போது ஒட்ட ஆள் இல்லை. அதனால் உடைக்காதே.

இருபதாம் பக்கத்தில் பல் அடைப்புக்குள் வைத்த விஷம் மூன்று வாரம் காத்திருந்து கொல்கிறது. அது விஷமா, பஸ் பாஸா? இருபத்தேழில், பல் பிடுங்கிய கையோடு டாக்டர் அந்த விதவைக்குக் கை கொடுக்கிறார். கை கழுவ மாட்டாரா? ஐம்பத்திரண்டில் தாடை எக்ஸ்ரேவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு துப்பு கண்டுபிடிக்கிறார். அறுபதிலிருந்து கடைசிவரை ஒரே துப்பாக்கி. அவர் வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கடைசிப் பக்கத்தில் அவர் பேசுகிற வசனத்தை நீ கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பார்.

எனக்குச் சம்மதம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 5

அக்காவுக்கு,

அத்தானின் காதைப் பற்றிக் கேட்டு வருத்தப்பட்டேன். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை, இரத்தம்தான் கொதிக்கிறது.

கை கழுவுகிற காட்சி வைக்கிறேன். எக்ஸ்ரேவை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்கிறேன். ஊசி இடது கை. போதுமா? நாற்பது வருடம் ஒரு ஆளைத் திரையில் நடமாடவிடுவதற்கு இதெல்லாம் போதும் என்று நீ நினைத்தால், உனக்குப் பல்லைத் தவிர ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். சனங்கள் எந்தக் கை என்று பார்ப்பதில்லை. இவன் ராத்திரி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் என்ன ஆவான் என்றுதான் பார்க்கிறார்கள். அம்மாவின் டாக்டர் கதவைச் சாத்தினால் அதற்குப் பின்னால் யாருமே இல்லை. வெறும் கோட்டு.

ஒன்று கவனித்தேன். முப்பதாம் பக்கம் வரை வரிக்கு வரி திட்டியிருக்கிறாய். ஐம்பதிலிருந்து கடைசிவரை திட்டியிருக்கிறாய். நடுவில் இருபது பக்கத்தைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. முயல் வருகிற பக்கங்கள். டாக்டர் முயல் என்று கூப்பிடுகிற அவருடைய பதினோரு வயதுப் பெண், கிளினிக்கிலேயே வளர்கிறவள், காய்ச்சலில் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அவர் தினமும் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, ஆளில்லாத அந்த நாற்காலியை மேலே ஏற்றுகிறார், இறக்குகிறார். இதைப் படித்துவிட்டுத் தயாரிப்பாளர் அழுதார். சொந்த அப்பா போன அன்றைக்கே விநியோகஸ்தர்களோடு பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

அந்தப் பக்கங்களில் உனக்குக் குறை ஒன்றும் இல்லை போலிருக்கிறது. சந்தோஷம்.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம்.

டாக்டருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஏழாவது நாவலில் அவர் வாயாலேயே சொல்கிறார். கல்யாணம் ஆகாதவருக்குப் பெண் எங்கிருந்து வந்தாள்?

இரண்டாவது, அந்த நாற்காலி. காலால் மிதித்து ஏற்றுகிற பழைய வகை என்று எழுதியிருக்கிறாய். "மௌனமாக மேலேறுகிறது" என்றும் எழுதியிருக்கிறாய். ஆள் உட்கார்ந்திருந்தால்தான் அது சத்தம் போடாது. வெறுமனே ஏற்றினால் ஒவ்வொரு மிதிக்கும் யாரோ இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். தெரியாததை எழுதாதே.

இனிமேல் வக்கீல் எழுதுவார்.

அக்கா


மார்ச் 10

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தாங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இருமல் சத்தத்தைச் சேர்த்துக்கொண்டேன். நன்றி. ஒலிப்பதிவாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கல்யாண விஷயம்: அம்மா இருந்திருந்தால் அடுத்த நாவலில் ஒரு மனைவியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏழாவது நாவலில் டாக்டர் பொய் சொன்னார் என்று ஒரே வரியில் முடித்திருப்பார். ஒட்டுவேலை அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறீர்களா? அவர் எனக்கும் அம்மா. பல் டாக்டர் உங்கள் கிளினிக்கில் இருக்கிற பீரோ இல்லை, நீங்கள் மட்டும் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ள.

அரங்க வேலை ஆரம்பித்தாயிற்று. நாற்காலிகூடப் பழைய சாமான் கடையில் கிடைத்துவிட்டது, அதே பச்சை ரெக்சின். கலை இயக்குநர் கேட்கிறார்: உங்கள் கிளினிக்கில் ஜன்னல் எந்தப் பக்கம்? காத்திருக்கிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? இரண்டு போட்டோ எடுத்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


ஏப்ரல் 2

டேய்,

உன்னை நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜன்னல் வாசலுக்கு எதிர்ப்பக்கம். அதன் கீழே மூன்று நாற்காலி. மூன்றாவதில் என் பெண் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பென்சில் பின்பக்கத்தைக் கொறித்துக்கொண்டே எழுதுவாள். அதைப் பார்த்து அவளுக்கு அணில் என்று பேர் வைத்தது நீ. இப்போது அணிலை முயலாக்கிவிட்டால் பெற்றவளுக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் வந்தார். கதவு நிறைய ஆள். கன்னம் வீங்கி, உட்கார மாட்டேன் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். அணில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் நாற்காலியில் ஏறிக்கொண்டாள்.

"இங்க பாருங்க மாமா, ஒண்ணுமே பண்ணாது. அம்மா, ஏத்து."

நான் மிதித்தேன்.

"இன்னும் மேல. இன்னும்மா! பாத்தீங்களா? இதுலேருந்து தெருவே தெரியும். நீங்க லாரியிலேருந்து பாக்கறீங்க இல்ல, அதே மாதிரி."

அந்த மனிதர் வீங்கின வாயோடு சிரித்தார். அதற்குப் பிறகு யார் பயந்தாலும் அவள்தான் முதலில் ஏறிக்காட்டுவாள். நாலு நாள் காய்ச்சல். ஐந்தாவது நாள் அந்த நாற்காலி மட்டும் அங்கேயே இருந்தது.

நான் கிளினிக்கைப் பூட்டிய பிறகு என்ன செய்வேன் என்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மாடிப்படியில் நின்று பார்த்திருக்கிறார். உன்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும், பெற்ற மகனிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளாமல் வேறு யாரிடம் சொல்வார்? ஆனால் ஒன்று கேட்டுக்கொள். அதற்கப்புறமும் அம்மா இந்தப் பல் டாக்டரை வைத்து ஒன்பது நாவல் எழுதினார். அதைவிட நல்ல காட்சி அவர் கையில் எப்போதும் இருந்ததில்லை. ஒரு வரி தொடவில்லை. கதவைச் சாத்தினால் பின்னால் யாருமே இல்லை என்றாயே, இருந்தார்கள். அம்மா கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

நீ அப்போது மூன்றாவது படத்தில் உதவி இயக்குநர். ரயில் காட்சி. காய்ச்சல் என்று சொன்னோம். நீ வரவில்லை. முடிந்துவிட்டது என்று சொன்னோம். வரவில்லை. அவளைக் கொண்டுபோன அன்று வரவில்லை, அந்த வருடம் முழுக்க வரவில்லை. எட்டிப்பார்க்காத வீட்டுக்குள் இன்றைக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்கிறாய்.

ஏன் வரவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுது. சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே.

அக்கா


ஜூன் 18

அக்கா,

எப்படி இருக்கிறாய்? இங்கே வெயில் குறைந்திருக்கிறது.

முயலை எடுத்துவிட்டேன். புதிய பிரதி இதோடு இருக்கிறது. நாற்காலியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கலை இயக்குநர் அரங்கத்தைப் பிரித்துவிட்டார். தயாரிப்பாளர் வேறு இயக்குநரைத் தேடுகிறார் என்று வெளியில் பேச்சு. என்னிடம் இன்னும் சிரித்துத்தான் பேசுகிறார், அதனால் பேச்சு உண்மையாகத்தான் இருக்கும்.

ஊசி இடது கை. துப்பாக்கி இல்லை. கை கழுவுகிறார்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

முதுகுக்குப் பட்டை கட்டியிருக்கிறேன். நீ இளைத்துவிட்டாய் என்று பத்திரிகைப் படத்தில் பார்த்தேன்.

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ அனுப்பியது தொண்ணூறு பக்கம். அதில் பதில் இல்லை.

பக்கங்களைப் படித்தேன். கட்டுப்பல் மாதிரி இருக்கிறது. வரிசையாக, வெள்ளையாக, ஒரு தப்பும் இல்லாமல். எடுத்து டம்ளரில் போட்டுவிடலாம்.

பழைய பிரதியைக் கிழித்துப்போட நினைத்து ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தேன். அத்தான் எடுத்துப் படித்திருக்கிறார். அவர் அந்த நாற்காலிகளில் வந்து உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது. நான் உள்ளே ஒரு அம்மாளுக்குப் பல் அடைத்துவிட்டு வெளியே வந்தால், மனிதர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இது அவன் எழுதினதா?"

"ஆமா."

"இதுல அவ சிரிக்கறாளே."

"அப்புறம் செத்துடறா."

"அதான் ஏன்னு கேக்கறேன். இந்த டாக்டர் நாலு மாடியிலேருந்து விழுந்தான், சாகலை. ரயில்லேருந்து விழுந்தான், சாகலை. அவன் வீட்டுல ஒரு குழந்தை மட்டும் காய்ச்சல் வந்தா செத்துடணுமா?"

"அப்படி இருந்தாத்தான் பாக்கறவங்க நம்புவாங்களாம்."

அவர் காகிதங்களைத் தட்டி அடுக்கினார். மெதுவாகத்தான் அடுக்கினார்.

"நடந்ததையே நான் இன்னும் நம்பலை. டிக்கெட் வாங்கிட்டு வர்றவன் நம்பிடுவானா?"

அவ்வளவுதான் பேசினார். அணில் போனதிலிருந்து அவளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதிலேயே இதுதான் நீளமானது.

ஆகவே கேள். அவளைத் திரும்பக் கொண்டுவா. முயல் வேண்டாம், அணில் என்றே இருக்கட்டும், பேர் வைத்தவன் நீதானே. காய்ச்சல் வரட்டும். நாலாவது நாள் இறங்க வேண்டும். ஆளில்லாத நாற்காலியை யாரும் ஏற்றக்கூடாது. அதை நான் உனக்குக் கொடுக்கவில்லை. படம் முடிகிறபோது அவள் உயிரோடு இருக்க வேண்டும். இதற்குச் சரி என்றால் ஒப்புதல் இதோடு இருக்கிறது. சரியில்லை என்றால் கிழித்துப்போடு.

பதில் இன்னும் வரவில்லை என்பதை மறக்கவில்லை.

அக்கா


செப்டம்பர் 21

அக்காவுக்கு,

முதுகுக்குப் பட்டை மட்டும் போதாது, யாரிடமாவது காட்டு. நான் தினமும் நடக்கிறேன்.

ஒப்புதலுக்கு நன்றி சொல்ல மாட்டேன். அரை வருடம் என்னை முட்டி போடவைத்தாய், என் படத்தையும் நொண்டியாக்கினாய். காரணமில்லாமல் அலைகிற டாக்டரை நாற்பது வருடம் கழித்தும் காரணமில்லாமலே அலையவிட்டிருக்கிறேன். தயாரிப்பாளர் கேட்டார்: "பொண்ணு சாகலைன்னா இவன் எதுக்குய்யா கொலைகாரனைத் தேடறான்?" வீட்டில் ஒரு பெண் இருப்பதால்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் சொல்லும்போது பாதிதான் புரிந்தது. வேறு இயக்குநர் கிடைக்காததால் ஒத்துக்கொண்டார்.

அணிலாக நடிப்பவளுக்குப் பத்து வயது. மகா வாயாடி. பென்சிலைக் கொறி என்றால், "வாயெல்லாம் பெயின்ட் வருது சார், நீங்க கொறிச்சுப் பாருங்க" என்கிறாள். கொறித்துப் பார்த்தேன். வருகிறது.

நேற்று காய்ச்சல் இறங்குகிற காட்சி. டாக்டர் தெர்மாமீட்டரைப் பார்க்கிறார், பெண்ணின் நெற்றியைத் தொடுகிறார், உடைந்துபோய் அழுகிறார். நடிகர் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், காய்ச்சல் இறங்கிடுச்சு. நல்ல விஷயம். எந்த அப்பன் இதுக்குப் போய் இப்படி அழுவான்? லாஜிக் இடிக்குது" என்றார். கேட்காதீர்கள், செய்யுங்கள் என்றேன். செய்தார். அந்தக் குழந்தை வசனத்தில் இல்லாதபடி அவர் காதைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்கப்பா, நான்தான் எழுந்துட்டேனே" என்றாள்.

நான் கட் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளரே நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு அதற்குமேல் படப்பிடிப்பு நடக்கவில்லை.

நீ கேட்டதற்கு எழுத உட்கார்ந்தேன். பலமுறை உட்கார்ந்தேன்.

தம்பி


டிசம்பர் 14

தம்பிக்கு,

முதுகைக் காட்டினேன். குனியாதீர்கள் என்கிறார் எலும்பு டாக்டர். குனியாமல் பல் டாக்டராக இருப்பது எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

நேற்று பகல் காட்சிக்கு நானும் அத்தானும் போனோம். அவர் வீட்டிலிருந்தே காதுக் கருவியை மாட்டிக்கொண்டு வந்தார். பாதி தியேட்டர் காலி. உன் படம் ஓடாது. ஒரு பத்திரிகையில், இந்தச் சிறுமிக்குக் கதையில் ஒரு வேலையும் இல்லை, இவளை வெட்டி எறிந்தால் படம் இருபது நிமிடம் மிச்சமாகும் என்று ஒருவன் எழுதியிருக்கிறான். படித்தாயா? எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாளும் பக்கத்து ஆளிடம் கேட்டார்: "இந்தப் பொண்ணு எதுக்கு இதுல?" அத்தான் திரும்பிப் பார்த்து, "சும்மா இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன?" என்றார்.

அவள் அணில் மாதிரி இல்லை. அணில் இவ்வளவு வேகமாகப் பேசமாட்டாள், தோளைக் குலுக்கமாட்டாள். இது வேறு யாரோ ஒரு பெண். அதனால்தான் கடைசிவரை உட்கார்ந்து பார்க்க முடிந்தது. விளக்குப் போட்ட பிறகும் அத்தான் எழுந்திருக்கவில்லை. அடுத்த காட்சிக்கு டிக்கெட் இருக்குமா என்று கேட்டார். இருந்தது. பார்த்தோம்.

இதிலிருந்து உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. இல்லை. நீ வராத அன்றைக்கு நீ வரவில்லை, அதை எந்தப் படத்தாலும் ஒட்ட முடியாது. பதிலை எழுத முடியாவிட்டால் எழுதாதே. இனி கேட்க மாட்டேன்.

அடுத்த படம் எடுப்பார்களா, உன்னை வைத்து எடுப்பார்களா, தெரியாது. எடுத்தால் டாக்டரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அவருக்கு வயது ஏறாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏற வேண்டும். அடுத்ததில் அவளுக்குப் பன்னிரண்டு. அந்த வயதில் இரண்டாவது கடைவாய்ப் பல் முளைக்கும். ஈறு வீங்கும், ஒரு பக்கமாகவே மெல்லுவார்கள், காரணம் சொல்லாமல் எரிந்து விழுவார்கள். அதைச் சரியாகக் காட்டு. தெரியாவிட்டால் என்னைக் கேள்.

அக்கா